காளானை அமுக்கியும் நிற்காத சி.என்.சி.: அறிகுறியைப் பார்த்துப் பிழை தேடுவது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், முன்பு மோட்டோ நிறுத்திய கொட்டகையில்தான் என் சி.என்.சி. ரவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்படி பலகை வெட்டும் இயந்திரம், நிற்கிறது. மேசை 1200க்கு 800 மில்லிமீட்டர், ஸ்டெப்பர் மோட்டார் நான்கு, வெட்டும் முனையைச் சுழற்றும் ஸ்பிண்டல் 2.2 கிலோவாட். பகலில் செம்பனை மில்லில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர் வேலை. இரவில் பிளைவுட்டும் அக்ரிலிக்கும் வெட்டுவேன். தைப்பூசம் நெருங்கினால் காவடிக்கு மயில், வேல், ஓம் என்று வேலை குவியும். ஈப்போ கல்லுமலைக்கு ஏறும் காவடிகளில் இரண்டு மூன்றிலாவது என் மயில் இருக்கும்.

அப்படி ஒரு தை மாதத்து இரவு, தோகை பாதி வெட்டியிருந்தபோது பலகையைப் பிடித்திருந்த கிளாம்ப் நழுவியது. சிவப்புக் காளானை, அதாவது காளான் வடிவ அவசர நிறுத்தப் பொத்தானை, ஓங்கி அடித்தேன். திரையில் சிவப்பு எழுத்து உடனே வந்தது. ஆனால் ஸ்பிண்டலைத் தாங்கி நகரும் பாலம் இன்னும் மூன்று விரற்கடை ஓடி, கிளாம்பைக் கடித்துவிட்டுத்தான் நின்றது. ஸ்பிண்டல் அதற்கப்புறமும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. அவசர நிறுத்தப் பொத்தானின் இரண்டு வயரும் நேராகக் கண்ட்ரோலரின் ஒரு இன்புட்டுக்குப் போயிருந்தன. வேறு எங்கும் போகவில்லை. மில்லில் புதுப் பையன் ஒருவன் இப்படி வயர் போட்டிருந்தால் நானே திட்டியிருப்பேன். வீட்டில், என் கையாலேயே போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பெட்டி முழுவதையும் பிரித்து மறுபடி கட்டினேன். சுற்றுவட்டாரத்தில் சொந்தமாக இயந்திரம் கட்டிய நாலைந்து பேருக்கும் பார்த்துக் கொடுத்தேன். எல்லாரிடமும் சிக்கல் ஒரே இடத்தில்தான்: காளானை அமுக்கினால் கம்ப்யூட்டரைக் கேட்காமலே மோட்டார்களை ஓட்டும் டிரைவின் மின்சாரம் போக வேண்டும், காளானை விடுவித்தால் தானாக வரக் கூடாது. இந்த இரண்டில் ஒன்று எங்கோ உடைந்திருக்கும்.

கரண்ட் வரும் வரிசை

பிழை தேடுவதற்கு முன் சரியான வரிசை எதுவென்று தெரிய வேண்டும். என் பெட்டியில் மெயின் சுவிட்சைப் போட்டால் 24 வோல்ட் சப்ளையும் கண்ட்ரோலரும் மட்டும் உயிர் பெறும். டிரைவுக்கு ஒன்றும் போகாது. கண்ட்ரோலர் எழுந்து, தன் அவுட்புட்டுகளையெல்லாம் ஒரு நிலைக்குக் கொண்டுவந்த பிறகு ‘தயார்’ ரிலேயை இழுக்கும். அப்புறம் நான் பச்சைப் பொத்தானை அமுக்கினால் காண்டாக்டர் என்ற பெரிய மின்காந்தச் சுவிட்ச் பிடித்து, டிரான்ஸ்ஃபார்மருக்கு மெயின் போகும். 48 வோல்ட் டிரைவுக்கு வரும். டிரைவை ஓட அனுமதிக்கும் எனேபிள் சமிக்ஞை கடைசியில். அணைக்கும்போது இதே வரிசை தலைகீழ்: முதலில் டிரைவ், பிறகு கண்ட்ரோலர்.

காண்டாக்டரைப் பிடிக்க வைக்கும் 24 வோல்ட் பாதையை நான் சங்கிலி என்பேன். பிளஸ்ஸில் தொடங்கி 1 ஆம்பியர் பியூஸ், முன் காளான், பின் காளான், மேசை ஓரத்து எல்லை சுவிட்சுகள், கண்ட்ரோலரின் ‘தயார்’ ரிலே, பச்சைப் பொத்தான், காண்டாக்டர் காயிலின் ஏ1 முனை என்று வரிசையாகப் போகும். பச்சைப் பொத்தானுக்கு இணையாகக் காண்டாக்டரின் 13, 14 துணைக் காண்டாக்ட்; விரலை எடுத்த பிறகும் காயிலைப் பிடித்து வைக்கும் இந்தப் பாதைதான் ஹோல்டிங். காயிலின் ஏ2 நேராக 0 வோல்ட்டுக்கு. நடுவில் ஒரு சுவிட்சும் கிடையாது. அந்த 0 வோல்ட்டை எர்த்தோடு ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். சங்கிலி வயர் எங்காவது தேய்ந்து இரும்பில் பட்டால் பியூஸ் போகும், இயந்திரம் தானாகக் கிளம்பாது. இதைச் செய்யாத பெட்டிகள் நிறைய.

பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்பிண்டலின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டருக்குள் ஏறக்குறைய 325 வோல்ட் டி.சி. நிற்கும், விளக்கு அணைந்த பிறகும் பத்து நிமிடம் விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கீழே சொல்லும் அளவுகளில் சிலவற்றைக் கரண்ட் இருக்கும்போதுதான் எடுக்க முடியும். அவை 24 வோல்ட் பக்கம் மட்டும். மெயின் பக்கத்தில் பழக்கம் இல்லாதவர்கள் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். பிரேக்கர்கள் இருக்கும் வீட்டு டி.பி. பெட்டியில் கை வைப்பதாக இருந்தால் அது அவருடைய வேலைதான்.

“பச்சையை அமுக்கினால் ஒன்றுமே நடக்கவில்லை”

மீட்டரின் கறுப்பு முனையை 0 வோல்ட் டெர்மினலில் நிலையாக மாட்டிவிடுங்கள். சிவப்பு முனையை மட்டும் சங்கிலி வழியே ஒவ்வொரு டெர்மினலாக நடத்திக்கொண்டு போங்கள். பியூஸுக்கு முன் 24, பின் 24. முன் காளானுக்குள் போகும் வயரில் 24, வெளியே வரும் வயரில் 0 என்றால் தேடல் முடிந்தது. வயர்களைக் கழற்றி ஓம் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கழற்றும்போது தளர்ந்த வயர் சரியாகிவிடும், பிழை ஒளிந்துகொள்ளும், அடுத்த வாரம் திரும்பி வரும்.

ஆன்லைனில் வாங்கிய காளானில் நான் அதிகம் பார்த்தது காண்டாக்ட் மாறிப் போன கதை. பின்னால் மாட்டும் கட்டை இரண்டு வரும்: பெரும்பாலும் சிவப்பு என்.சி. (அமுக்காதபோது மூடியிருப்பது), பச்சை என்.ஓ. (அமுக்காதபோது திறந்திருப்பது). பச்சைக் கட்டையில் வயரை மாட்டினால் காளானை அமுக்கினால்தான் சங்கிலி சேரும்! ஒருவர் இப்படி மாட்டிவிட்டு, ‘அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது’ என்று குழம்பிப் போய் வந்தார். இது சிரிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். காளானின் என்.ஓ.வைக் கண்ட்ரோலர் இன்புட்டுக்குக் கொடுத்து, மென்பொருளில் தலைகீழாக்கி ஓட்டுகிறவர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள். வயர் அறுந்தாலும் இயந்திரம் சந்தோஷமாக ஓடும். அமுக்கும் அன்றுதான் தெரியும்.

காயிலின் ஏ1 வரை 24 வந்தும் காண்டாக்டர் பிடிக்கவில்லை என்றால், அமுக்கும்போதே அங்கே அளவு எடுங்கள். பொதுவாக காயிலுக்கு அதன் அளவில் 85 சதவீதமாவது வேண்டும், 24க்கு 20.4 வோல்ட். பச்சையை அமுக்கியதும் 24 என்பது 17க்கு விழுந்தால் சப்ளை சிறியது, அல்லது அதே சப்ளையில் மின்விசிறி, விளக்கு, பம்பு என்று எல்லாவற்றையும் தொங்கவிட்டிருப்பீர்கள். காயில் மேல் எழுதியிருப்பதையும் படியுங்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கும் காண்டாக்டரில் ஏ.சி. 240 வோல்ட் காயில்தான் அதிகம் கிடைக்கும்.

“அமுக்கிப் பிடித்தால் நிற்கிறது, விட்டால் விழுகிறது”

பாதிப் பேருக்கு இது ஹோல்டிங் வயர் விட்டுப்போனது. 13, 14க்குப் பதில் என்.சி.யான 21, 22ல் மாட்டியிருப்பார்கள். பார்த்தவுடன் தெரியும்.

கோலகங்சார் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போனில் சொன்னது மட்டும் வேறு மாதிரி.

“அண்ணே, டக்குன்னு விட்டா விழுந்துடுது. ரெண்டு மூணு செகண்டு அமுக்கிப் பிடிச்சா அப்புறம் நிக்குது.”

“டிரைவ் எது, குளோஸ்டு லூப்பா?”

“ஆமாண்ணே.”

“அலாரம் வயர எங்க போட்ட?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “ஹோல்டிங்கோட சீரியஸ்ல.”

அந்த இரண்டு மூன்று விநாடியே விடையைச் சொல்லிவிடுகிறது. மோட்டார் உண்மையில் நகர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளும் குளோஸ்டு லூப் டிரைவுக்கு மின்சாரம் வந்து, தன்னைத்தானே சோதித்து, ‘எனக்குக் கோளாறு இல்லை’ என்று காண்டாக்டை மூட நேரம் எடுக்கும். அதற்குள் விரலை எடுத்தால் ஹோல்டிங் பாதை இன்னும் திறந்தே இருக்கும். இதைப் பிழை என்றுகூடச் சொல்ல முடியாது. தயாராகும் வரை அமுக்கிப் பிடிக்கும்படி வேண்டுமென்றே வைப்பதும் உண்டு. பிடிக்கவில்லை என்றால் அலாரத்தைச் சங்கிலியிலிருந்து எடுத்துக் கண்ட்ரோலரின் இன்புட்டுக்குக் கொடுத்துவிடலாம். கோளாறு வந்தால் கண்ட்ரோலர் ‘தயார்’ ரிலேயை விடட்டும். அப்போது மின்சாரம் வந்த முதல் மூன்று விநாடி அலாரத்தைப் பொருட்படுத்தாதே என்று மென்பொருளில் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே வம்பு வேறு வாசலால் நுழையும்.

அந்த அலாரத்தைப் பச்சைப் பொத்தானுக்கு முன்னால் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். டிரைவுக்கு மின்சாரம் வந்தால்தான் காண்டாக்ட் மூடும், காண்டாக்ட் மூடினால்தான் மின்சாரம் வரும். இயந்திரம் என்றைக்கும் கிளம்பாது. ‘புது டிரைவ் போட்டேன், அன்றிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

“காளானைத் திருப்பி விடுவித்ததும் தானாகக் கிளம்புகிறது”

இந்த அறிகுறி இருந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதை முதலில் சரிசெய்யுங்கள். அவசரத்தில் அமுக்குகிறோம், கையை உள்ளே விட்டு மாட்டிய துண்டை எடுக்கிறோம், பக்கத்தில் நிற்கிற பையன் உதவி என்று நினைத்துக் காளானைத் திருப்பிவிடுகிறான். அந்த நொடியில் என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

பச்சைப் பொத்தானும் ஹோல்டிங்கும் இல்லாமல், காளானே நேராக காயிலை ஓட்டினால் இப்படித்தான் ஆகும். பொத்தான் வைக்க இடமில்லை என்று ஆன் ஆஃப் சுவிட்ச் வைத்தவர்களுக்கும் இதே கதி. சோதனை எளிது: ஓடாத நேரத்தில் டிரைவ் எல்லாம் உயிரோடு இருக்கும்போது காளானை அமுக்குங்கள், விடுவியுங்கள். அமுக்கும்போது விழும் சத்தம் வரும், விடுவிக்கும்போது காண்டாக்டர் சத்தமே வரக் கூடாது. அடுத்து மெயினை அணைத்து மறுபடி போடுங்கள். மறுபடி போடும்போதும் சத்தம் வரக் கூடாது. இந்தப் பக்கம் சாயங்கால இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வருவது சாதாரணம் என்பதால் இரண்டாவது சோதனையும் எனக்கு முக்கியம்.

ஸ்பிண்டலுக்கு இது தனியாக ஒளிந்திருக்கும். இன்வெர்ட்டரை ஓடச் சொல்லும் ‘ஓடு’ டெர்மினலை ஒரு ரிலே மூடியே வைத்திருக்க, மின்சாரம் திரும்பி வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. கையேட்டில் மின்சாரம் வந்ததும் ஓடுவது பற்றிய அளவுருவைத் தேடி அணையுங்கள். அதோடு நிற்காமல் ஓடு டெர்மினலை காண்டாக்டரின் ஒரு என்.ஓ. வழியாகவும் கொண்டுபோங்கள்.

“அமுக்கினேன், ஆனால் கொஞ்ச தூரம் ஓடித்தான் நின்றது”

என் கிளாம்பைக் கடித்த பிழையும் இதே குடும்பம். மென்பொருள் மட்டும் நிறுத்துகிறதா, மின்சாரமும் போகிறதா என்று முதலில் பிரிக்க வேண்டும். டிரைவின் 48 வோல்ட்டில் மீட்டரை மாட்டி, காளானை அமுக்குங்கள். வோல்ட் அசையாமல் நின்றால் சங்கிலி டிரைவைத் தொடவே இல்லை. டிரைவின் எனேபிளை மட்டும் விடுவதும் போதாது. அதுவும் ஒரு சின்ன மின்னணுத் துண்டின் நல்ல மனத்தை நம்புவதுதான்.

வோல்ட் விழுகிறது, ஆனால் மெல்ல விழுகிறது என்றால் கெப்பாசிட்டரைப் பாருங்கள். என்னிடம் 10,000 மைக்ரோஃபாரட், 48 வோல்ட். அதில் நிற்கும் சக்தி 11.5 ஜூல். பாலத்தைக் கொஞ்ச நேரம் தள்ள அது தாராளம். வேகத்தைக் கணக்குப் போட்டால் புரியும்: நிமிடத்துக்கு 6 மீட்டர் என்றால் விநாடிக்கு 100 மில்லிமீட்டர். 150 மில்லி விநாடி தாமதித்தால் 15 மில்லிமீட்டர் போய்விடும். விரல் நுனி அவ்வளவுதான்.

காண்டாக்டரை டிரைவின் டி.சி. பக்கம் போட்டு உடனே வெட்டலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஏ.சி.யில் மின்னோட்டம் விநாடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் காண்டாக்ட் பிரியும்போது தீப்பொறி தானாக அணைகிறது, டி.சி.யில் அந்த வாய்ப்பு இல்லை. பிடிக்கும்போதோ வெறும் வயிற்றோடு இருக்கும் டிரைவ் கெப்பாசிட்டர்கள் ஒரே இழுப்பில் மின்னோட்டத்தை உறிஞ்சும். சில மாதத்தில் காண்டாக்ட் ஒட்டிப்போகும். ஒட்டிப்போன காண்டாக்டருக்குக் காளான் என்ன கத்தினாலும் கேட்காது. அதனால் ஏ.சி. பக்கத்தில் வெட்டி, கெப்பாசிட்டரைத் தனியாகக் காலி செய்கிறேன்: காண்டாக்டரின் என்.சி. துணைக் காண்டாக்ட் வழியாக 22 ஓம், 25 வாட் வயர் சுற்றிய ரெசிஸ்டர் ஒன்று, தொடரில் ஒரு பியூஸ். காண்டாக்டர் விழுந்ததும் ரெசிஸ்டர் கெப்பாசிட்டரோடு சேரும், 2.2 ஆம்பியரில் தொடங்கி இறங்கும், அரை விநாடியில் 5 வோல்ட் அளவுக்கு வந்துவிடும். முக்கியக் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் இந்த என்.சி. மூடாது என்று உத்தரவாதம் தரும் துணைக் கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். ரெசிஸ்டரைத் தகரத்தில் திருகி வையுங்கள், வயர்க் கட்டில் சாய்க்க வேண்டாம். மெயினை மாற்றித் தரும் சுவிட்ச் மோட் சப்ளை வைத்திருப்பவர்களுக்கு சப்ளையின் உள்ளேயும் கெப்பாசிட்டர் இருப்பதால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும்.

ஒருவர் எல்லாம் சரியாகச் செய்திருந்தார். காண்டாக்டர் மட்டும் சோம்பேறியாக விழுந்தது. காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு. டயோடு இல்லாவிட்டால் காயில் விடும் வோல்ட் உதை மற்ற மின்னணுவை அடிக்கும், உண்மைதான். ஆனால் அந்த டயோடே காயிலின் மின்னோட்டத்தை வட்டமாகச் சுற்றவிட்டு காண்டாக்டரைப் பிடித்துவைக்கும். விழும் நேரம் பல மடங்காகும். டயோடோடு ஒரு ஸெனரைத் தொடரில் போட்டாலோ, வேரிஸ்டர் மாட்டினாலோ மின்னோட்டம் வேகமாகச் செத்து, ‘டக்’ என்று விழும். இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிக் காதால் கேட்டாலே வித்தியாசம் தெரியும்.

இப்போது, எல்லாம் சரியாக இருந்தும் நிற்காத ஒன்று. மாத்தாங் பக்கம் ஒரு கடையில் பார்த்தது. காளானை அமுக்கினால் நன்றாக உள்ளே போய் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்கிறது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெட்டிக் கதவைத் திறந்தால், காண்டாக்ட் கட்டை காளானின் முதுகிலிருந்து கழன்று, இரண்டு வயரில் தொங்கிக்கொண்டு ஆடுகிறது. கட்டையின் ஸ்பிரிங் அதை மூடியே வைத்திருக்கிறது. சங்கிலி அறுபடவே இல்லை. காளான் வெறும் அலங்காரம்! கட்டையைப் பிடிக்கும் கொக்கி பிளாஸ்டிக். ஸ்பிண்டல் அதிர்வில் விரிந்துவிட்டது. கட்டை கழன்றால் தானே திறந்துகொள்ளும் வகைக் கட்டைகள் கிடைக்கின்றன. பத்துப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்) கூட இருக்கலாம், இந்த ஒரு சாமானில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காளான் பொத்தானுக்கு ஐ.இ.சி. 60947-5-5 என்று ஒரு தரம் இருக்கிறது; அமுக்கும் விசையே காண்டாக்டைப் பிரித்து எடுக்க வேண்டும், ஸ்பிரிங்கை நம்பக் கூடாது என்பது அதன் சாரம். வட்டத்துக்குள் அம்புக்குறி போட்ட அடையாளம் கட்டையில் இருக்கிறதா பாருங்கள்.

ஒட்டிப்போன காண்டாக்டருக்கு ஒரே நல்ல மருந்து, இரண்டு காண்டாக்டரைத் தொடரில் போட்டு, இரண்டின் என்.சி.யையும் ஒரு பாதுகாப்பு ரிலேயின் கண்காணிப்பு வட்டத்தில் கொடுப்பது. ஒன்று ஒட்டினாலும் மற்றது வெட்டும், அடுத்த முறை பச்சை வேலை செய்யாது. தொழிற்சாலைகளில் கழற்றிய பாதுகாப்பு ரிலே மலிவாகக் கிடைக்கும். வாங்கி மேசையில் வைத்து ஒவ்வொரு சேனலையும் சோதித்துவிட்டு மாட்டுங்கள்.

“ஸ்பிண்டல் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது”

நிமிடத்துக்கு 24,000 சுற்று போகும் சாமான் மின்சாரம் போனதும் நின்றுவிடாது, தானாக ஓய்ந்துதான் நிற்கும். இன்வெர்ட்டரின் மெயினைக் காளான் உடனே வெட்டினால், வேகம் குறைக்கும் வல்லமையையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. ஐ.எஸ்.ஓ. 13850 அவசர நிறுத்தத்துக்கு இரண்டு வகையை மட்டும் ஒப்புக்கொள்கிறது: வகை 0, உடனே மின்சாரத்தை எடுப்பது, வகை 1, கட்டுப்பாட்டோடு நிறுத்திவிட்டு அப்புறம் எடுப்பது. என் டிரைவுகளுக்கு 0, ஸ்பிண்டலுக்கு 1. காளானை அமுக்கியதும் ஓடு டெர்மினல் திறக்கும். பிரேக் ரெசிஸ்டரோடு இன்வெர்ட்டர் வேகத்தை இறக்கும். 5 விநாடி கழித்து ஆஃப் டிலே டைமர் இன்வெர்ட்டரின் மெயின் காண்டாக்டரை விடும். இறங்கும் நேரத்தை ஆசைப்பட்டு மிகக் குறைத்தால் உள் வோல்ட் ஏறி இன்வெர்ட்டர் அலாரம் போட்டு ஸ்பிண்டலை அப்படியே கைவிடும், கவனம்.

இன்வெர்ட்டருக்கும் ஸ்பிண்டலுக்கும் நடுவில் காண்டாக்டர் போடாதீர்கள். ஓடும்போது அங்கே வெட்டினால் இன்வெர்ட்டரின் வெளியீட்டுக் கட்டம் செத்துப்போகலாம். ஸ்டெப்பர் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவிலும் அப்படித்தான்.

“பச்சையை அமுக்கினால் வீட்டு பிரேக்கர் ட்ரிப் ஆகிறது”

எந்த பிரேக்கர் என்று பாருங்கள். அதிக மின்னோட்டத்துக்கு விழும் எம்.சி.பி. என்றால் பெரும்பாலும் வட்ட டிரான்ஸ்ஃபார்மர்தான் குற்றவாளி. ஏ.சி. அலையின் எந்த இடத்தில் காண்டாக்டர் பிடிக்கிறது என்பதைப் பொறுத்து முதல் இழுப்பு மாறும், அதனால்தான் நாலு முறை நன்றாகப் போய் ஐந்தாவது முறை விழும். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தொடரில் 47 ஓம் வயர் சுற்றிய ரெசிஸ்டர், அரை விநாடி கழித்து அதை இணைத்துத் தாண்டவைக்கும் டைமர் ரிலே: அவ்வளவுதான். 240 வோல்ட்டின் உச்சியிலும் ஏறக்குறைய 7 ஆம்பியரோடு நின்றுவிடும். சங்கிலி அறுந்தால் தாண்டும் ரிலேயும் விழ வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை பாதுகாப்பு இல்லாமல் பிடிக்கும்.

எர்த் கசிவுக்கு விழும் ஆர்.சி.சி.பி. என்றால் கதை வேறு. இன்வெர்ட்டரின் மின்காந்த வடிகட்டி எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யில் அதோடு வீட்டு ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் கசிவும் சேர்ந்து கூடிவிடும். எர்த் வயரை வெட்டிவிட்டால் நிற்கிறது என்று பெருமையாகச் சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஸ்பிண்டலைத் தொட்டபடியே வேலை செய்கிறவர். செய்யாதீர்கள். இயந்திரத்துக்குத் தனி சர்க்கியூட், இன்வெர்ட்டருக்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி.; இதை வயர்மேனிடம் விடுங்கள்.

“கம்ப்யூட்டர் எழும்போது மோட்டார் துடிக்கிறது, ரிலே படபடக்கிறது”

பழைய பேரலல் போர்ட் வைத்திருப்பவர்களின் வியாதி. கம்ப்யூட்டர் எழும் நேரத்தில் அதன் பின்கள் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும், யாரும் பொறுப்பில்லை. அந்த நேரத்தில் டிரைவுக்கு மின்சாரம் இருந்தால் துடிக்கத்தான் செய்யும். மேலே சொன்ன வரிசைப்படி கண்ட்ரோலர் முதலில், டிரைவ் அப்புறம் என்றால் பாதி வியாதி போய்விடும். மீதிக்கு சார்ஜ் பம்ப்: மென்பொருள் உண்மையிலேயே ஓடும்போது மட்டும் ஒரு பின்னில் இடைவிடாமல் துடிப்பு விடும், மாக்3 மென்பொருள் என்றால் 12.5 கிலோஹெர்ட்ஸ். துடிப்பு இருக்கும் வரைதான் கம்ப்யூட்டருக்கும் டிரைவுக்கும் நடுவில் நிற்கும் பிரேக்அவுட் போர்டு அவுட்புட்டுகளைத் திறக்கும். கம்ப்யூட்டர் உறைந்துபோனாலும் ‘தயார்’ ரிலே விழுந்துவிடும். லினக்ஸ்சி.என்.சி. மென்பொருளிலும் இதற்கான சார்ஜ் பம்ப் கூறு இருக்கிறது.

“யாரும் அமுக்கவில்லை, தானாக நிறுத்தம் விழுகிறது”

இதில்தான் மாதக்கணக்கில் தலைமுடி கொட்டும். ஸ்பிண்டல் வேகம் கூடும்போது மட்டும் விழுகிறதா? இன்வெர்ட்டர் இரைச்சல். மோட்டார் கேபிளின் ஷீல்டை இன்வெர்ட்டர் எர்த்தில் நன்றாகப் பிடித்து, சங்கிலி வயரை வேறு பாதையில் கொண்டுபோங்கள். காளான் சமிக்ஞையைக் கண்ட்ரோலருக்கு 5 வோல்ட்டில் கொண்டுபோகாமல் 24 வோல்ட்டில், ஒளியால் இரு பக்கத்தையும் பிரிக்கும் ஆப்டோ வழியாகக் கொடுங்கள். இரைச்சலை மறைக்க மென்பொருளில் காத்திருப்பைக் கூட்டுகிறவர்கள் சில மில்லி விநாடியோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

பாலம் ஒரே மூலைக்குப் போகும்போது விழுகிறதா? வயர்களைத் தாங்கிப் பாலத்தோடு நகரும் கேபிள் சங்கிலிக்குள் ஒரு வயர் உள்ளே ஒடிந்திருக்கும், தோல் மட்டும் முழுசாக இருக்கும். கையால் மடக்கி மடக்கி, மீட்டரைப் பார்த்துக்கொண்டே தேடுங்கள்.

மழை நாளில் மட்டும் விழுகிறதா? எனக்கு அப்படித்தான் இருந்தது. பெட்டியின் அடியில் கேபிள் நுழையும் ஓட்டை ஒன்றை அடைக்காமல் விட்டிருந்தேன். ‘தயார்’ ரிலேயின் மேல் பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது, பொத்தானின் காண்டாக்டுக்குள் சிற்றெறும்பு மண் கொண்டுவந்து வைத்திருந்தது. மில்லில் இதை நாங்கள் ஆண்டுக்கு நாலு முறை பார்ப்போம். வீட்டில் மட்டும் எப்படியோ மறந்துபோகிறது. முட்டையை ஒரு டப்பாவில் எடுத்து வேலிப் பக்கம் வைத்தேன். ஓட்டைக்கு கிளாண்ட் போட்டேன். அதன் பிறகு விழவில்லை.

“காளானை அமுக்கினால் இசட் அச்சு கீழே சரிகிறது”

மின்சாரம் போனால் ஸ்டெப்பரின் பிடி போகும், கனமான ஸ்பிண்டல் தன் எடையிலேயே இறங்கும். ஒரு சுற்றுக்கு அதிக தூரம் நகரும் ஸ்குரூ இருந்தால் இன்னும் வேகமாக. மின்சாரம் இல்லாதபோது பிடித்துக்கொள்ளும் வகை பிரேக் உள்ள மோட்டாரைப் போடுங்கள், அல்லது எடையைத் தாங்க கேஸ் ஸ்பிரிங். பிரேக் காயிலிலும் வெறும் டயோடு போட்டால் அதே சோம்பேறித்தனம் வரும், அதற்கும் வேரிஸ்டர்தான்.

“மறுபடி கிளப்பினால் பழைய இடத்திலிருந்து தொடர்கிறேன் என்கிறது”

கண்ட்ரோலருக்குக் காண்டாக்டர் விழுந்தது தெரியவில்லை. காண்டாக்டரின் இன்னொரு துணைக் காண்டாக்டை ஒரு இன்புட்டில் கொடுங்கள், லினக்ஸ்சி.என்.சி.யில் அது அவசர நிறுத்த வட்டத்தின் உள்ளீட்டுக்குப் போகட்டும். எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்லாத ஓப்பன் லூப் ஸ்டெப்பரில் நிறுத்தம் விழுந்தால் இடம் போச்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஹோம் எடுக்காமல், அதாவது தொடக்கப் புள்ளியை மறுபடி தேடவிடாமல் தொடரவிட்டால் மயிலின் கழுத்து தோகையில் முளைக்கும். எனக்கு ஒன்று அப்படி முளைத்தது, கொட்டகைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.